பிரிஜ்ஜில் இடம் கிடைக்காத மா

குழைத்த மாவைப் பழுதாகாமல் வைத்துக்கொள்ளும் பாடத்தை எடுத்துவிட்டார்களாம். அந்த இடத்தில் கேக் அலங்காரம் வருகிறதாம். சீனிப் பூ, சீனி இலை, சீனியால் செய்த மணமகன் மணமகள். எங்கள் மகளிர் பயிற்சி நிலையத்தில் இப்போது என் கதிரையில் இருக்கும் நஸ்ரின் தொலைபேசியில் இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு அதே மூச்சில், "டீச்சர், நிலையத்து மலருக்கு உங்கட அனுபவத்த ஒரு கட்டுரையா எழுதித் தாங்க" என்றாள்.

"எந்த அனுபவம்? நீங்க தூக்கி எறிஞ்சதா?"

"கோவிக்காதீங்க டீச்சர். மேலிடத்து முடிவு. ஊட்டுக்கு ஊடு பிரிஜ் இரிக்கிற காலத்துல மா வைக்கிறதுக்கு ஒரு பாடமா எண்டு கேக்காங்க."

"எழுதுறன். வெட்டாமப் போடுவீங்களா?"

"பாப்பம் டீச்சர்" என்றாள். பார்ப்போம் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். கேட்டவர்கள் ஏதோ இனிப்பான நினைவுகளை எதிர்பார்த்திருப்பார்கள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. மாவைப் பிசைந்து, பிறரைப் பிசைய வைத்து, சரியாகப் பிசையாதவர்களை ஏசி ஓய்வு பெற்றவள் நான்.

பயிற்சி எடுத்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் கொஞ்சக் காலம், கண்டியில் கொஞ்சக் காலம், ஒரு சான்றிதழ், பிறகு கல்முனையில் நியமனம். கொழும்பில் எங்களுக்குக் கற்பித்தவர் குளிரூட்டிய மண்டபத்தில் நின்றுகொண்டு, மாவை அறை வெப்பநிலையில் வையுங்கள் என்றார். எந்த அறை என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சித்திரை மாதத்தில் கல்முனைக்குடியில் தகரக் கூரை போட்ட குசினிக்குள் அடுப்பருகே ஒரு முறை நின்றிருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது. கொழும்பில் ஒரு மணித்தியாலத்தில் பொங்கும் மா இங்கே தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பொங்கிவிடும். தொழிலை நான் படித்தது கொழும்பிலும் இல்லை, கண்டியிலும் இல்லை. செல்வராணி மிஸ்ஸிடம்தான் படித்தேன்.

செல்வராணி மிஸ் எங்கள் நிலையத்தின் பொறுப்பாளர். பாண்டிருப்பைச் சேர்ந்தவர். காலையில் வந்ததும் காப்புகளையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி மேசை லாச்சிக்குள் வைப்பார். முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். பிறகு மேசை மேசையாக வருவார். மாவில் இரண்டு விரலை வைத்து அமத்துவார், குழி நிரம்புகிறதா என்று பார்ப்பார், குனிந்து மணப்பார். ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு மென்று காகிதத்தில் துப்புவார். அதன் பிறகு ஒரே ஒரு சொல். "இன்னும்" என்றால் இன்னும் பிசைய வேண்டும். "மூடு" என்றால் மூடி வைக்கலாம். மூன்றாவது ஒரு சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர்கள் குறைவு.

சேர்ந்த புதிதில் எனக்கு இது பொறுக்கவில்லை. "மிஸ், நல்லா இரிக்கி எண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன குறைஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நல்லா இருந்தாத் தின்னுறவன் சொல்லுவான்" என்றார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

எனக்கும் அவருக்கும் சண்டை வராத கிழமை இல்லை. ஆனால் தமிழர், முஸ்லிம் என்று ஊர் இரண்டுபட்டுக் கடைகள் பூட்டிக் கிடந்த நாட்களிலும் அவர் பாண்டிருப்பிலிருந்து நடந்து வந்து நிலையத்தைத் திறந்தார். ஒருவரும் வராவிட்டால் தனியே நின்று மா குழைத்தார். அதற்காகவே அவர் ஏசுவதை எல்லாம் வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கவும் செய்தேன்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்த மாவையும் இரண்டு தரம் படிப்பிக்க வேண்டும். ஒரு தரம் பிரிஜ் இருக்கும் வீட்டுக்கு, மற்றத் தரம் பிரிஜ் இல்லாத வீட்டுக்கு. இப்போது தூக்கிவிட்ட பாடம் இதுதான். நஸ்ரினுக்குத் தெரியும், அவளும் என்னிடம் படித்தவள். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

பிரிஜ்ஜில் வைக்கப்போகும் பாண் மாவுக்கு வழமையாகப் போடும் ஈஸ்டில் பாதி போதும். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். ஒரு சிறு துண்டை எடுத்து விரல்களுக்கிடையில் இழுத்தால் கிழியாமல் மெல்லிய தோலாக வர வேண்டும், அதனூடாக வெளிச்சம் தெரிய வேண்டும். அதுவரை பிசைய வேண்டும். கை நோகிறது என்று நிறுத்தினால் அந்த மா பிரிஜ்ஜுக்குள் போய்த் தண்ணீர் விடும். பிசைந்த மாவை உருண்டையாக வைக்கக் கூடாது. எண்ணெய் தடவிய தட்டில் பரத்தி வைக்க வேண்டும். உருண்டையாக வைத்தால் மேல் தோல் குளிரும், நடு மா சூடாகவே கிடக்கும், உள்ளே இருந்தபடி பொங்கிக்கொண்டே இருக்கும். வைத்துச் சற்று நேரத்தில் ஒரு முறை திறந்து, அமத்திக் காற்றை வெளியேற்றி, திரும்ப மூட வேண்டும். இப்படி வைத்தால் இரண்டு நாள் நிற்கும். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

பிஸ்கட் மா வேறு விதம். அதைக் குழைத்தே வைக்கக் கூடாது என்பார் மிஸ். கோதுமை மா, சீனி, மாஜரின் மூன்றையும் விரல் நுனியால் தேய்த்து, பாண் தூள் மாதிரி உதிரியாக்கி, ஈரமில்லாத தகரத்தில் இறுக்கி மூடி வைத்தால் பிரிஜ்ஜே தேவையில்லை. சுடும் நாளில் வேண்டிய அளவு அள்ளி, பேக்கிங் பவுடரும் பாலும் அப்போது சேர்த்துத் தட்டிச் சுடலாம். வீட்டுக்கு ஆள் வந்து கேத்தல் கொதிக்கிற நேரத்துக்குள் பிஸ்கட் தட்டில் ஏறிவிடும். பவுடரை முன்கூட்டியே ஈரத்தோடு சேர்த்து வைத்தவர்கள் அடுத்த நாள் கல்லுத்தான் சுடுவார்கள்.

பிரிஜ் இல்லாத வீட்டில் பாண் மாவுக்கு ஈஸ்டை இன்னும் குறைத்து, உப்பைச் சற்றுக் கூட்டி, கிணற்றுத் தண்ணீரில் குழைக்க வேண்டும். உப்புக் கூடினால் பொங்குவது தாமதிக்கும். சட்டியை ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் இறக்கி, நனைத்த சாக்கால் மூடி, காற்று வரும் நிழலில் வைக்கலாம். அந்தியில் வைத்தால் விடிய வரை தாங்கும். பகலில் வைக்கக் கூடாது.

மேற்பார்வைக்கு வந்த ஒரு அதிகாரி இதைப் பார்த்துவிட்டு, மணல் பானை எல்லாம் எதற்கு, ஆட்கள் சிரிப்பார்கள் என்றார். "சிரிக்கிற ஆக்களுக்கு பிரிஜ் இருக்கும் சேர்" என்றார் செல்வராணி மிஸ். இப்போதும் அதே கதைதான். பிரிஜ் இருக்கிறது, பாடம் எதற்கு என்கிறார்கள். மின்வெட்டு நாட்களில் எத்தனை பெண்கள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, டீச்சர் அந்த மணல் பானையை எப்படி வைப்பது என்று கேட்டார்கள் என்பது இவர்களுக்குத் தெரியாது. கறண்ட் இல்லாத பிரிஜ் வெறும் அலுமாரி. கறண்ட் இருந்தாலும்கூட எங்கள் ஊரில் அது அலுமாரியாகும் நாள் ஒன்று உண்டு. அந்த நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

ஜெஸீமா எங்களிடம் படித்து முடித்த பெண். இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளை வெளிநாட்டில். அங்கே வேலை போய், எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாத நிலை. உம்மாவும் வாப்பாவும் சீதனமாகக் கொடுத்த வீடு இருந்தது. வளவில் எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிச் செய்த தகரப் போறணை ஒன்று இருந்தது, சிரட்டைக் கரியில் எரிவது. அதில் சிறு சிறு பாணாகப் பணிஸ் சுட்டு அக்கம்பக்கத்துக்கு விற்றுக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கம் இன்று வாங்கும், நாளை வாங்காது. அதை நம்பி அடுப்பெரிக்க முடியாது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஆதம்பாவா காக்காவிடம் போய் அவளே கேட்டாள். அவர் அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளைக் காட்டி ஒரு பேச்சுப் பேசினார். "பெருநாளைக்கு பேக்கரிப் பொடியனுகள் எல்லாம் ஊருக்குப் போயிருவானுகள். மறுநாள் விடிய எனக்கு பணிஸ் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வாற சனத்துக்கு என்னத்தக் குடுக்க? நீ கொண்டு வா புள்ள. சொன்ன நேரத்துக்கு, சொன்ன மாதிரி வந்தா, அதுக்குப் பொறகு நாளாந்தம் ஒனக்கிட்டத்தான் எடுக்கிற."

நாளாந்தம் என்ற சொல்லைக் கேட்டு அவள் என்னிடம் ஓடி வந்தாள். பெருநாள் அன்று வீட்டில் சமையல், வருகிறவர்கள், பிள்ளைகள். மா குழைக்க நேரம் கிடைக்காது. ஆகவே முதல் நாளே குழைத்து, பரத்தி, பிரிஜ்ஜில் வைத்துவிட்டு, பெருநாளுக்கு மறுநாள் விடியச் சுடுவது என்று முடிவு செய்தோம். நோன்போடு இருந்து குழைத்தாள். நான் போய் விரலை வைத்துப் பார்த்தேன். நல்ல மா. அவளிடம் சொல்லவில்லை. நானும் செல்வராணி மிஸ் மாதிரி ஆகிவிட்டேன் போலும்.

பெருநாள் அன்று பின்னேரம், அசர் தொழுகை முடிந்த நேரம். செல்வராணி மிஸ் என் வீட்டு முன்னறையில் இருந்தார். ஒவ்வொரு பெருநாளைக்கும் பழங்களோடு வருவார். இறைச்சி சாப்பிட மாட்டார், ஒரு கோப்பை வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுப் போவார். அவர் கரண்டியை எடுத்த நேரம் ஜெஸீமா வாசலில் வந்து நின்றாள். அபாயா முழுக்க மா.

"டீச்சர், மா போயித்து."

"எங்க போயித்து? கால் முளைச்சா?"

"பொங்கி, மூடியத் தள்ளித்து, நிலத்துல கிடக்கு. மதினி பிரிஜ்ஜுக்க இருந்து தட்டெல்லாம் எடுத்து, மாவ ஒரு சட்டிக்குள்ள அள்ளிப் போட்டு மேசைக்குக் கீழ வெச்சித்து இறைச்சிய அடைஞ்சிரிக்கா. நான் அடுப்படியில நிண்டன் டீச்சர். காணல்ல."

மதினி என்றது மாப்பிள்ளையின் மூத்த சகோதரி ஹாஜராவை. குர்பான் கொடுக்க ஏழு பேர் சேர்ந்து வாங்கிய மாட்டில் அவர்கள் குடும்பம் ஒரு பங்கு எடுத்திருந்தது. அதோடு மற்ற வீடுகளிலிருந்து வந்த பங்குகளும் சேர்ந்து, ஹாஜராவின் பிரிஜ் நிறைந்துவிட்டது. மீதியைத் தூக்கிக்கொண்டு தம்பி பெண்டாட்டி வீட்டுக்கு வந்திருக்கிறார். எங்கள் ஊர்களில் இது புதிதல்ல. ஹஜ்ஜுப் பெருநாளன்று மாலை எந்த வீட்டுப் பிரிஜ்ஜைத் திறந்தாலும் விரல் நுழைய இடம் இருக்காது. அறுத்த சூடு ஆறாத இறைச்சியைப் பை பையாக அடைப்பார்கள். அதற்குள் காற்று ஓடாது, பெட்டி குளிராது. இறைச்சியும் கெடும், பக்கத்தில் இருப்பதும் கெடும். ஒவ்வொரு வருடமும் கெடுகிறது, ஒவ்வொரு வருடமும் அடைக்கிறார்கள்.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். "மிஸ், நிலையத்துச் சாவி உங்களிட்டத்தானே. புதுசாக் குழைச்சு அங்க பிரிஜ்ஜுல வெப்பம்."

அவர் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டு முடித்தார். கோப்பையை வைத்தார். "இல்ல" என்றார்.

"என்ன இல்ல?"

"இண்டைக்குத் தொறந்து தரலாம். அடுத்த பெருநாளைக்கு? கறண்ட் இல்லாத அண்டைக்கு? இவட மா இவட வீட்டில நிக்காட்டி, நாளாந்தம் குடுக்க இவவுக்கு ஏலாது."

"ஒரு நாளைக்கு மிஸ். இது அவட பொழப்பு."

"பொழப்பு எண்டபடியாத்தான் சொல்லுறன்."

எனக்கு வந்த கோபத்தில் விருந்தாளி என்றும் பார்க்கவில்லை. "உங்களுக்கு மனசா கல்லா?" என்று கேட்டேன். ஜெஸீமா அழுதுகொண்டு நின்றாள். மிஸ் எழுந்து சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "ஓட்டோவக் கூப்பிடுங்க ரஹ்மத். மாவப் பாப்பம்" என்றார் என்னிடம். அவர் அப்படிச் செய்தது சரி என்று இன்றும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. ஆனால் அவர் வீட்டுக்குப் போகவில்லை, எங்களோடு வந்தார். அதையும் எழுத வேண்டும்.

ஜெஸீமாவின் குசினிக்குள் இறைச்சி வாடையும் புளித்த மா வாடையும் ஒன்றாக நின்றன. ஹாஜரா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர் வந்தது நல்லம். மணந்து பாருங்க. கள்ளு நாத்தம் நாறுது. பெருநாளும் அதுவுமா ஊட்டுக்குள்ள கள்ளு வெச்சிரிக்காள் இவள்."

"கள்ளுமில்ல ஒண்டுமில்ல. பொங்குற மா எல்லாம் இப்படித்தான் மணக்கும். நீங்க விடியத் தின்னுற பாணும் நேத்து இப்படித்தான் மணந்தது."

"நான் தின்னுற பாண் நாறாது."

"சுட்டாப் பொறகு மணம் போயிரும். வெளிய எடுத்து வெச்ச ஆரு?"

"அல்லாஹ்வுக்காக அறுத்த இறைச்சி. அதக் கெட உடவா? இது வெறும் மா."

எனக்குள் இருந்தது எல்லாம் வெளியே வந்தது. "குர்பான் இறைச்சி குடுக்கிறதுக்கு. ஏழைக்கு ஒரு பங்கு, சொந்தத்துக்கு ஒரு பங்கு, ஊட்டுக்கு ஒரு பங்கு. மத்தவன்ட பங்கையும் சேத்து அடுத்தவட பிரிஜ்ஜுக்க அடையச் சொல்லி எந்த ஆலிம் சொன்ன? ஊடு ஜெஸீமாட. பிரிஜ்ஜும் அவட. கேட்டீங்களா அவக்கிட்ட?"

ஹாஜராவின் முகம் சிவந்தது. நான் இன்னும் பேசியிருப்பேன். மிஸ் இடையில் வந்தார். அவர் எங்கள் சண்டையைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சட்டிக்குள் மிஞ்சிப் பொங்கியிருந்த மாவில் விரலை வைத்தார். குழி நிரம்பவில்லை, மா அப்படியே அமர்ந்து போனது. கிள்ளி மென்று துப்பினார்.

"பணிஸுக்கு முடிஞ்சுது" என்றார். "எறிய வேண்டாம். கோதுமை மா மிச்சம் கிடக்கா?"

"பாதி மூட்டை இரிக்கி மிஸ்" என்றாள் ஜெஸீமா.

"காணும். இதில ஒரு பங்க எடுத்துப் புது மாவுக்குள்ள கரைங்க. ஈஸ்ட் போட வேண்டாம், இதுவே ஈஸ்ட். உப்பக் கூட்டுங்க. கிணறு இருக்கா?"

"இரிக்கி."

"ஆழமா?"

"ஓம் மிஸ். கோடைக்கும் வத்தாது."

அதற்குப் பிறகு அழ நேரம் இருக்கவில்லை. கிணற்றிலிருந்து அப்போது அள்ளிய தண்ணீர், பழைய மாவில் ஒரு பங்கு, புது மா, சீனி, மாஜரின், கூடுதல் உப்பு. மாஜரினைக் கடைசியாகச் சேர்க்கச் சொன்னார், முதலில் சேர்த்தால் பழைய மா கரையாது. ஜெஸீமாவும் நானும் முழங்காலில் நின்று பெரிய தாச்சியில் பிசைந்தோம். மிஸ் ஒரு முறை வந்து தொட்டார். "இன்னும்." இரண்டாம் முறை வந்தார். "இன்னும்." ஜெஸீமாவின் கண்ணீர் எல்லாம் வியர்வையாகிவிட்டது. மூன்றாம் முறை அவர் வருவதற்குள் அவளே ஒரு துண்டைக் கிள்ளி விரல்களுக்கிடையில் இழுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். கிழியவில்லை. "மூடலாம்" என்று அவள் சொன்னாள். மிஸ் தொடாமலே திரும்பிப் போனார்.

மாவை உயரமான அலுமினியப் பாத்திரங்களில் பாதிக்கு மேல் போகாமல் போட்டோம், பொங்க இடம் வேண்டும். மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஒவ்வொன்றாக வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கினோம். தண்ணீரில் தொடக் கூடாது, தண்ணீருக்குச் சற்று மேலே தொங்க வேண்டும். உச்சி வெயிலிலும் அந்த ஆழத்தில் குளிர் நிற்கும்.

ஹாஜரா இப்போது வாய் திறந்தார். "அவிழ்ந்து கெணத்துக்க விழுந்தா? இந்தத் தண்ணியிலதான் தொழுகைக்கு ஒளு எடுக்கிறம். மா கலந்தா நாளைக்கு எதால ஒளு எடுக்கிற?"

"விழாமப் பாத்துக்கொள்ளுங்க" என்றார் மிஸ். கயிற்று முனையை எடுத்து ஹாஜராவின் கையில் கொடுத்தார்.

நான் சிரித்தால் காரியம் கெடும் என்று மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். ஹாஜரா கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். முடிச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. "இப்படியா கட்டுற? ஒரு ஆணுக்கும் கட்டத் தெரியா, பொண்ணுக்கும் தெரியா" என்று முணுமுணுத்துக்கொண்டு எல்லாக் கயிற்றையும் அவிழ்த்து, கப்பிக் கட்டையில் தானே திரும்பக் கட்டினார். அவர் வாப்பா தோணிக்காரர். அந்த முடிச்சு அசையவில்லை.

மிஞ்சிய புளித்த மாவை மெல்லியதாகத் தட்டித் தாச்சியில் ரொட்டி போட்டோம். கள்ளு நாறுகிறது என்ற ஹாஜரா, இறைச்சி ஆணத்தில் தோய்த்து, முதல் ரொட்டி முடிய இரண்டாவது ரொட்டியையும் எடுத்தார். "நாத்தம் எப்படி மதினி?" என்று ஜெஸீமா கேட்டாள். "பேசாமத் தின்னு" என்றார் அவர். அந்தியில், மஃரிபுக்கு முன் அவரே எழுந்து, பிரிஜ்ஜில் இருந்த பைகளில் பாதியை எடுத்துக்கொண்டு பின் ஒழுங்கையில் இருக்கும் வீடுகளுக்குப் போனார். நான் பேசியதற்காகவா, வெட்கத்துக்காகவா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

மறுநாள் விடியச் சுபஹு தொழுத கையோடு நான் போனேன். வாளிகளைத் தூக்கினோம். மூடியைத் திறந்தால் மா பாத்திரத்தின் வாயளவு வந்து நின்றது. விரலை வைத்தேன். குழி மெல்ல மெல்ல நிரம்பியது. பகிர்ந்து, உருட்டி, தட்டில் அடுக்கி, இரண்டாவது தடவை பொங்க விட்டு, போறணையில் கீழே நெருப்பு, மேலே தகரத்தில் நெருப்பு. முதல் தட்டு ஒரு பக்கம் கறுத்துவிட்டது. அதைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினோம். மற்றத் தட்டுகள் நிறமாக வந்தன. சொன்ன நேரத்துக்கு முன்பே ஜெஸீமா, ஹாஜரா, நான் மூவரும் தட்டுகளோடு ஓட்டோவில் ஏறினோம்.

ஆதம்பாவா காக்கா ஒரு பணிஸைப் பிய்த்தார், மணந்தார், தின்றார். கடையில் இருந்தவர்களும் எடுத்தார்கள். ஒருவர் இரண்டாவது கேட்டார். குறை சொல்ல இடம் இல்லை என்பது காக்காவின் முகத்தில் தெரிந்தது. பிறகு சொன்னார்: "நல்லா இரிக்கி புள்ள. ஆனா பேக்கரி நாளையிண்டைக்குத் தொறக்குது. அவங்களோட பழைய பழக்கம், முறிக்க ஏலாது. பெருநாள் காலத்துக்கு ஒனக்கிட்ட எடுக்கிறன். என்ன?"

நான் வாயைத் திறந்தேன். ஜெஸீமா என் கையைப் பிடித்தாள். அவள் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

"நாளாந்தம் எண்டு சொன்னீங்க காக்கா."

"சொன்னன். இப்ப நிலவரத்தச் சொல்லுறன்."

"அப்ப இதையும் தரல்ல." அவர் மேசையில் வைத்திருந்த தட்டை அவள் திருப்பி எடுத்தாள். தின்ற பணிஸுக்குப் பணம் வேண்டாம் என்றாள்.

"என்ன புள்ள இது, கடைக்குள்ள சனம் இரிக்கி."

"சனத்துக்கு ரோட்டத் தாண்டத் தெரியும்."

தாண்டினாள். ஆஸ்பத்திரி மதிலோரம், மர நிழலில், தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் துணியை விலக்கினாள். அவளுக்குக் கூவ வரவில்லை. நின்றாள், அவ்வளவுதான். கூவியது ஹாஜரா. "சூடான பணிஸ், இப்ப சுட்ட பணிஸ், ஊட்டுல சுட்ட பணிஸ்" என்று தோணிக்கரைக் குரலில் அவர் கூப்பிட்டது ஆதம்பாவா காக்காவின் கடைக்குள்ளும் கேட்டிருக்கும். அவருக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அந்தப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். குடும்பத்துப் பெண்ணை ஒருவன் ஏமாற்றினால் பிரிஜ் சண்டை எல்லாம் எங்கே போனதோ தெரியாது.

இரவு முழுக்க நோயாளியோடு விழித்திருந்தவர்கள், விடியப் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள், தாதிமார், எல்லோரும் வந்தார்கள். செல்வராணி மிஸ்ஸும் வந்தார். வரிசையில் நின்று ஒன்று வாங்கி, மென்றார். துப்பவில்லை, விழுங்கினார். "உப்புக் கூட" என்றார்.

"கூட்டச் சொன்ன நீங்கதானே" என்றேன்.

"ஓம். கூட்டச் சொன்ன நான்தான். ஆனா கூட" என்றார். போய்விட்டார்.

தட்டுகள் காலியான பிறகு கடைப் பையன் ரோட்டைத் தாண்டி வந்து, காக்கா கேட்கிறார், மிச்சம் இருக்கிறதா என்றான். "இல்லை எண்டு சொல்லு" என்றாள் ஜெஸீமா. அடுத்த நாளும் அதே மதிலோரம். அதற்கு அடுத்த நாளும். பேக்கரி திறந்த பிறகும் சனம் அங்கேதான் வாங்கித் தின்றுவிட்டு, தேத்தண்ணிக்கு மட்டும் கடைக்குப் போனது.

கிழமை முடிவதற்குள் ஆதம்பாவா காக்கா அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். அவரை உள்ளே அழைத்து இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அவள் ஒரே ஒரு விடயம் சொன்னாள். "தாறன் காக்கா. ஆனா நான் கொண்டு வந்து தர மாட்டன். நீங்க விடிய வந்து எடுங்க. வராட்டி மதிலடிக்குப் போயிருவன்."

இன்றும் அவர்தான் வந்து எடுத்துப் போகிறார். ஒரு நாள் பிந்தி வந்தார், தட்டுகள் மதிலோரம் இருந்தன. அதற்குப் பிறகு பிந்தவில்லை.

பாடத்தை எடுத்துவிட்டார்கள் என்று நஸ்ரின் சொன்ன அன்றே நான் ஜெஸீமாவிடம் போனேன். இப்போது அவள் வீட்டில் இரண்டு பிரிஜ் இருக்கின்றன, ஒன்றில் மாவைத் தவிர வேறு எதையும் வைக்க ஹாஜரா விடுவதில்லை. விடயத்தைச் சொன்னேன். அவள் மாவிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள்.

"நிலையத்துல இடமில்லாட்டி என்ன? இஞ்ச இடமில்லையா?"

"சான்றிதழ் குடுக்க ஏலாது நமக்கு."

"சான்றிதழத் தின்ன ஏலுமா டீச்சர்?"

ஆகவே இது நினைவுக் கட்டுரை மட்டும் அல்ல, அறிவித்தலும்தான். நிலையத்தில் சீனிப் பூ படிக்க விரும்புகிறவர்கள் படிக்கட்டும். வீட்டில் பாண் மாவும் பிஸ்கட் மாவும் செய்து, வைத்து, விற்றுப் பிழைக்க வேண்டியவர்கள் வருகிற கிழமையிலிருந்து ஜெஸீமாவின் குசினிக்கு வரலாம். பிரிஜ் உள்ளவர்களும் வரலாம், இல்லாதவர்களும் வரலாம், இரண்டு தரமும் படிப்பிப்போம். நான் ஏசுவேன், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நஸ்ரின், இந்தப் பகுதியை வெட்டினால் உனக்கும் ஏச்சு இருக்கிறது. கிணற்றுக்குப் புதுக் கயிறு வாங்கியாயிற்று. முடிச்சுப் போடப் படிப்பிப்பது ஹாஜரா.